எலி, பூனை, ஒரு வலை: ஆப்கானிஸ்தானில் எதிரிகள் கைகோத்த நாட்கள்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசியதை வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறேன்.)

போன எபிசோடுக்கு வந்த மெயில்களில் ஒரு நண்பர் ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தார். "இதுக்கு ஏன் ப்ரோ ஒரு மணி நேரம் பேசுறீங்க, எதிரிக்கு எதிரி நண்பன், அவ்வளவுதானே?"

சிரிச்சேன். ஆனா அந்த வரி மூணு நாள் மண்டையில ஓடிக்கிட்டே இருந்தது. ஏன்னா நானும் ரொம்ப நாளா அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு நாட்டில் ஆட்சி கவிழ்கிறது. அதுவரை முறைத்துக்கொண்டிருந்த ரெண்டு வெளிநாடுகள் திடீரென்று ஒரே மேஜையில் உட்காருகின்றன. சரி, பொது எதிரி ஒருத்தன் இருக்கான், அதனால நண்பர்களாயிட்டாங்க என்று முடித்துவிடுவேன். இல்லை. அங்கே நண்பர்கள் யாரும் இல்லை. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். நாடு ஆப்கானிஸ்தான். இரண்டு ஆட்சி மாற்றங்கள், 2001இலும் 2021இலும்.

அதற்கு முன்னால் ஒரு கதை. மகாபாரதத்தில் சாந்தி பர்வத்தில் பீஷ்மர் தர்மருக்குச் சொல்வது. ஒரு ஆலமரத்தின் அடியில் வளை தோண்டி ஒரு எலி வாழ்கிறது. அதே மரத்தில் ஒரு பூனை. ஒருநாள் வேடன் விரித்த வலையில் பூனை மாட்டிக்கொள்கிறது. எலிக்கு ஏக சந்தோஷம், வெளியே வந்து திரிகிறது. திரும்பிப் பார்த்தால் ஒரு பக்கம் கீரி, மேலே கிளையில் ஆந்தை. இப்போ எலிக்குப் பாதுகாப்பான ஒரே இடம் எது? பூனையின் மடி. எலி போய் பேரம் பேசுகிறது. நான் உன் வலையை அறுக்கிறேன், அதுவரை நீ எனக்கு இடம் கொடு. பூனை ஒத்துக்கொள்கிறது. கீரியும் ஆந்தையும் ஏமாந்து போய்விடுகின்றன. எனக்குப் பிடித்த இடம் இதற்கு அப்புறம்தான். எலி வலையை மெதுவாக அறுக்கிறது. பூனை அவசரப்படுத்துகிறது. எலி கடைசி ஒரு கயிறை மட்டும் விட்டு வைக்கிறது. வேடன் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு வந்த பிறகுதான் அதை அறுக்கிறது. ஏன்னா அப்போதுதான் பூனைக்குத் தன்னைத் தின்ன நேரம் இருக்காது. எல்லாம் முடிந்ததும் பூனை கூப்பிடுகிறது, வா, இனி நாம நண்பர்கள். எலி வளைக்குள்ளிருந்தே, வேண்டாம் சாமி, காரணம் முடிஞ்சுபோச்சு என்கிறது.

இதை மனசுல வெச்சுக்கிட்டு 2001க்கு வாங்க.

அமெரிக்காவுக்கும் ஈரானுக்கும் 1980 ஏப்ரலோடு தூதரக உறவே முறிந்துவிட்டது. டெஹ்ரானில் 52 அமெரிக்கர்களை 444 நாள் பிணைக்கைதிகளாக வைத்திருந்த விவகாரம். அதற்குப் பிறகு இருபது வருஷமாக நேரடிப் பேச்சு என்பதே கிட்டத்தட்ட இல்லை. ஆனால் ஆப்கானிஸ்தான் விஷயத்தில் ஒரு வினோதம் இருந்தது. தாலிபானை வெறுப்பதில் ஈரான் அமெரிக்காவுக்கு முன்னாலேயே இருந்தது. 1998 ஆகஸ்டில் தாலிபான் மசார்-இ-ஷரீஃப் நகரத்தைப் பிடித்தபோது அங்கிருந்த ஈரான் தூதரக அதிகாரிகளும் ஒரு பத்திரிகையாளரும் கொல்லப்பட்டார்கள். ஈரான் பெரும் படையை எல்லையில் கொண்டுவந்து நிறுத்தியது. போர் மயிரிழையில் தவிர்ந்தது. தாலிபானை எதிர்த்த வடக்குக் கூட்டணிக்கு ஆதரவு கொடுத்தது யார் என்று பாருங்க: ஈரான், ரஷ்யா, இந்தியா. தஜிகிஸ்தானில் ஃபர்கோர் என்ற இடத்தில் அந்தக் கூட்டணியின் காயம்பட்ட வீரர்களுக்காக இந்தியா ஒரு மருத்துவமனையே நடத்தியது. 1999 டிசம்பரில் நம்ம விமானம் கடத்தப்பட்டு காந்தஹாரில் நின்றது ஞாபகம் இருக்கும். அந்த வலி இந்தியாவுக்கு.

ஆக, 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கா ஆப்கானிஸ்தானுக்குள் வரப்போகிறது என்றதும் ஈரானுக்கு ரெண்டு மனசு. தாலிபான் ஒழியுது என்பது நல்லது. அமெரிக்கப் படை பக்கத்து வீட்டில் வந்து உட்காருது என்பது கெட்டது.

அந்த இலையுதிர்காலத்தில் ஜெனீவாவில் அமைதியாகச் சில சந்திப்புகள் நடந்தன. ஐ.நா. பெயரில், இத்தாலியும் ஜெர்மனியும் கூட இருக்க. நடைமுறையில் அது அமெரிக்கா-ஈரான் சந்திப்புதான். அமெரிக்கத் தரப்பில் போனவர்களில் ஒருவர் ரையன் கிராக்கர். பின்னாளில் ஆப்கானிஸ்தானிலும் ஈராக்கிலும் தூதராக இருந்தவர். அவர் பல வருஷம் கழித்து ஒரு பத்திரிகையாளரிடம் சொன்ன சம்பவம் இது. பேச்சு இழுத்துக்கொண்டே போக, ஈரான் பிரதிநிதி பொறுமை இழந்து, தாலிபான் படைகள் எங்கெங்கே நிற்கின்றன என்று குறித்த ஒரு வரைபடத்தை மேஜையில் விரித்தார். முதலில் இங்கே அடியுங்கள், பிறகு இங்கே என்று காட்டினார். குறிப்பு எடுத்துக்கொள்ளலாமா என்று கிராக்கர் கேட்க, வரைபடத்தையே வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம்.

இன்னொன்றும் கிராக்கர் சொல்லியிருக்கிறார். அந்தப் பிரதிநிதி டெஹ்ரானில் யாரிடம் உத்தரவு வாங்கிக்கொண்டிருந்தார் என்பது. காசிம் சுலைமானி. இந்தப் பெயரைக் கொஞ்சம் பிடிச்சு வெச்சுக்கோங்க. கடைசியில் தேவைப்படும்.

நவம்பர் 13 அன்று வடக்குக் கூட்டணி காபூலுக்குள் நுழைந்துவிட்டது. இரண்டு வாரத்தில், நவம்பர் 27 அன்று, ஜெர்மனியில் பான் நகரத்துக்குப் பக்கத்தில், ரைன் நதியைப் பார்த்த மாதிரி ஒரு குன்றின் மேல் இருக்கும் பீட்டர்ஸ்பெர்க் ஹோட்டலில் மாநாடு கூடியது. நடத்தியவர் ஐ.நா.வின் லக்தர் பிராஹிமி, அல்ஜீரியாக்காரர். நான்கு ஆப்கன் குழுக்கள். சுற்றிலும் வெளிநாட்டுப் பிரதிநிதிகள். அமெரிக்காவுக்கு ஜேம்ஸ் டாபின்ஸ். ஈரானுக்கு ஜவாத் ஸரீஃப். இந்தியாவுக்கு எஸ்.கே. லாம்பா. ரம்ஜான் மாதம். பகலில் நோன்பு, ராத்திரி முழுக்கப் பேச்சு.

டாபின்ஸ் இதைப் பற்றிப் பிறகு நிறைய எழுதினார். ஒப்பந்தத்தின் வரைவைப் பார்த்துவிட்டு, இதில் ஜனநாயகத் தேர்தல் பற்றி ஒன்றுமே இல்லையே, அதையும் சேர்க்க வேண்டும் என்று வலியுறுத்தியது ஈரான் பிரதிநிதிதானாம். ஆமா, ஈரான்.

கடைசி ராத்திரி. விடிந்தால் ஜெர்மன் பிரதமர் வந்து கையெழுத்து விழா. ஆனால் இடைக்கால அரசில் யாருக்கு எத்தனை அமைச்சகம் என்பது முடியவில்லை. வடக்குக் கூட்டணியின் யூனுஸ் கானூனி 24 அமைச்சகங்களில் 18 கேட்டு நிற்கிறார். அவர் பக்கத்து நியாயம், காபூலைப் பிடித்தது நாங்கள்தானே. மற்ற மூணு குழுவும் ஒத்துக்கொள்ளாது. பிராஹிமி வெளிநாட்டுப் பிரதிநிதிகளை எழுப்பி வரவழைக்கிறார். அமெரிக்கா, ரஷ்யா, இந்தியா, ஈரான், ஜெர்மனி. கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் மாறி மாறி எல்லாரும் கானூனிக்குச் சொல்கிறார்கள். மனிதர் அசையவில்லை. அப்போது ஸரீஃப் எழுந்து கானூனியை அறையின் மூலைக்குக் கூட்டிப் போய்க் காதில் ஏதோ சொல்கிறார். ஒரு நிமிஷம்கூட இல்லை. திரும்பி வந்த கானூனி, சரி, ரெண்டு அமைச்சகத்தை விட்டுத் தருகிறேன், இன்னும் மூன்றைப் புதிதாக உருவாக்கி மற்றவர்களுக்குக் கொடுங்கள் என்கிறார். டிசம்பர் 5 காலையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 22ஆம் தேதி ஹமீத் கர்சாய் பதவி ஏற்றார்.

யோசிச்சுப் பாருங்க. இருபது வருஷமாகப் பேசாத ரெண்டு நாடுகள் சேர்ந்து மூணாவது நாட்டுக்கு ஒரு அரசாங்கம் அமைத்திருக்கின்றன. எப்படி முடிஞ்சது?

அன்பு ஒரு துளி இல்லை. ரெண்டு பேருக்கும் ஒரே பயம் இருந்தது. 1992இல் காபூலில் கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்தபோது முஜாஹிதீன் குழுக்கள் ஆளுக்கு ஒரு தெருவைப் பிடித்துக்கொண்டு நகரத்தையே இடித்தன. அந்தக் குழப்பத்தில் முளைத்ததுதான் தாலிபான். அது மறுபடி நடந்தால் ஈரானுக்கு என்ன ஆகும்? ஏற்கெனவே இருபது லட்சம் அகதிகள் உள்ளே. எல்லையில் அபின் கடத்தல்காரர்களோடு சண்டை போட்டு ஆயிரக்கணக்கான காவலர்கள் செத்திருக்கிறார்கள். அமெரிக்காவுக்கு என்ன ஆகும்? அல்-கொய்தாவுக்கு மறுபடி ஒரு வீடு. காரணம் வேற வேற. ஆனா பயப்படுற விஷயம் ஒண்ணு, இந்த நாடு மறுபடி உடையக்கூடாது.

பொதுவாக இதை 'பொது நலன்' என்று மொழிபெயர்க்கிறார்கள். எனக்கு அந்த வார்த்தை ஒட்டவில்லை. பொது பயம் என்பதுதான் சரி. நலன் என்றால் ஒன்றாகச் சேர்ந்து எதையோ கட்டுவது மாதிரி ஒரு தோற்றம் வருகிறது. இங்கே யாரும் எதையும் கட்ட வரவில்லை. கூரை தங்கள் தலையில் விழக்கூடாது என்று ஆளுக்கு ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

இன்னொரு விஷயம், அது நடந்த முறை. மேலே ஐ.நா. என்ற போர்வை. கூட ஜெர்மனி, இத்தாலி. அதனால் ஊருக்குத் திரும்பினால் ரெண்டு பேருமே, நாங்க எங்க எதிரிகிட்ட பேசினோம், ஐ.நா. கூட்டத்துக்குல்ல போனோம் என்று சொல்லிக்கொள்ளலாம். பேச்சும் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும். அணு, இஸ்ரேல், பழைய பிணைக்கைதி விவகாரம் எதுவும் மேஜைக்கு வராது. எங்க ஆபீஸ்லகூட இதைப் பார்த்திருக்கேன். ரெண்டு டீமுக்கு ஆகவே ஆகாது, மெயிலில் சிசி போட்டே சண்டை போடுவாங்க. ஆனா ராத்திரி 2 மணிக்கு ரெண்டு பேரும் பயன்படுத்துற டேட்டாபேஸ் விழுந்துச்சுன்னா, ஒரே காலில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் சரி பண்ணிடுவாங்க. காலையில மறுபடி சிசி.

சரி, அந்த அறையில் யார் இல்லை? தாலிபான் இல்லை. தோற்றவர்களுக்கு என்ன நாற்காலி என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. தோற்றவர்களில் ஒரு பகுதியையாவது உள்ளே கொண்டுவர முயன்றிருக்க வேண்டும் என்று பிராஹிமியே பின்னாளில் வருத்தப்பட்டுச் சொன்னார். வெளிநாடுகளின் பயம் எங்கே ஒத்துப்போனதோ அந்த அளவுக்குத்தான் அரசு அமைந்தது. ஆப்கன் மக்கள் பயந்த ஆயுதக் குழுத் தலைவர்கள் பலருக்குப் பதவியே கிடைத்தது. பான் மாநாட்டை வெற்றி என்று சொல்லும்போது இதை மறைச்சுட்டுச் சொல்லக்கூடாது. எலியும் பூனையும் பிழைத்ததுதான் நமக்குக் கதை. அந்த ஆலமரத்துக்கு என்ன ஆச்சுன்னு பீஷ்மரும் சொல்லலை.

இனி அது உடைந்த விதம். வேகமாகச் சொல்கிறேன், ஏன்னா அது வேகமாகத்தான் உடைந்தது. 2002 ஜனவரி 3 அன்று செங்கடலில் ஒரு கப்பலை இஸ்ரேல் பிடித்தது. 50 டன் ஆயுதம், ஈரானிலிருந்து பாலஸ்தீனர்களுக்குப் போகிறது என்று சொன்னது. அதே மாதம் மூணாவது வாரம் டோக்கியோவில் ஆப்கானிஸ்தானுக்கு நிதி திரட்டும் மாநாடு. ஈரான் 50 கோடி டாலருக்கு மேல் தருவதாக அறிவித்தது, கிட்டத்தட்ட அமெரிக்காவுக்கு இணையாக. ஒரு வாரம்தான். ஜனவரி 29 அன்று ஜார்ஜ் புஷ் நாடாளுமன்ற உரையில் ஈராக், ஈரான், வட கொரியா மூன்றையும் சேர்த்து 'தீமையின் அச்சு' என்றார்.

ஆப்கானிஸ்தானில் ஈரான் வாக்குத் தவறியதால் இந்த உரை வரவில்லை. அங்கே எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. உடைத்தது முழுக்க வெளியே இருந்த சண்டைகள். ஒரு சின்னப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்த ஒத்துழைப்பை, பெட்டிக்கு வெளியே நடந்த விஷயங்கள் மிதித்துவிட்டன.

டெஹ்ரானில் அமெரிக்காவோடு பேசலாம் என்று வாதாடியவர்களின் நிலைமையை நினைத்துப் பாருங்க. வரைபடம் கொடுத்தோம், கானூனியைச் சம்மதிக்க வைத்தோம், பணமும் தருகிறோம். பதிலுக்கு நம்ம பெயர் தீமை. அப்படியும் உடனே கதவை மூடவில்லை என்பதுதான் ஆச்சரியம். 2002 மார்ச்சில் ஜெனீவாவில் ஒரு ஈரானியத் தளபதி டாபின்ஸைச் சந்தித்து, புதிய ஆப்கன் ராணுவத்துக்கு 20,000 வீரர்கள் வரை நாங்கள் பயிற்சி தருகிறோம், அமெரிக்கத் தலைமையில் நடக்கும் திட்டத்துக்குள்ளேயே என்றார். டாபின்ஸ் இதை வாஷிங்டனில் மேலிடத்துக்கு எடுத்துப் போனார். யாருக்கும் ஆர்வமில்லை. 2003 மே மாதம் ரியாத் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஜெனீவா பேச்சையும் அமெரிக்கா நிறுத்திவிட்டது.

அந்த 20,000 பேர் கிடைத்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஈரான் பயிற்சி கொடுத்தால் அதில் ஈரானுக்கு ஆளும் சேர்ந்து கிடைக்கும், அமெரிக்காவின் சந்தேகத்தில் அர்த்தம் இல்லாமல் இல்லை. ஆனா வேண்டாம் என்று பதில் சொல்வது ஒன்று. பதிலே சொல்லாமல் விடுவது இன்னொன்று. எலி கடைசிக் கயிறை அறுக்கக் காத்திருந்தது என்றால் அது கணக்கு. இங்கே கயிறை அறுக்க வந்த ஆளையே யாரும் பார்க்கவில்லை.

அடுத்த பதினைந்து வருஷத்தில் பயம் இடம் மாறியது. ஈராக்கில் ஒரு பக்கம் அமெரிக்கப் படை, ஆப்கானிஸ்தானில் மறுபக்கம் அமெரிக்கப் படை. நடுவில் ஈரான். இப்போது ஈரானுக்குப் பெரிய பயம் தாலிபான் இல்லை. 2016 மே மாதம் தாலிபான் தலைவர் முல்லா அக்தர் மன்சூரை அமெரிக்க ட்ரோன் பலுசிஸ்தானில் கொன்றபோது, அவர் எங்கிருந்து திரும்பிக்கொண்டிருந்தார் தெரியுமா? ஈரானிலிருந்து. 1998இல் படை திரட்டிய அதே ஈரான்.

2021 ஆகஸ்ட் 15. காபூல் மறுபடி தாலிபான் கையில். இந்த முறை மாநாடு இல்லை, கையெழுத்து விழா இல்லை. அரசாங்கச் செலவில் முக்கால் பங்கு வெளிநாட்டு உதவியில் ஓடிய நாடு. அது ஒரே நாளில் நின்றது. ஆப்கன் மத்திய வங்கியின் சுமார் 700 கோடி டாலர் அமெரிக்காவில் முடங்கியது. அந்தக் குளிர்காலத்தில் 2 கோடியே 28 லட்சம் பேர் கடும் பசியில் இருப்பார்கள் என்று ஐ.நா. அமைப்புகள் கணித்தன. நாட்டில் பாதிக்கு மேல்.

மறுபடி அதே பயம், ஆனால் பயப்படுகிறவர்கள் அதிகம். அகதிகள் வருவார்கள் என்று ஈரானும் பாகிஸ்தானும். மத்திய ஆசியாவுக்குள் தீவிரவாதம் வழியும் என்று ரஷ்யா. சின்ஜியாங்கை நினைத்து சீனா. டிசம்பர் 22 அன்று ஐ.நா. பாதுகாப்பு சபை, தடைகள் இருந்தாலும் மனிதாபிமான உதவி போகலாம் என்று 2615ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா மூணும் ஒரே பக்கம் கை தூக்கின. ரெண்டு மாதத்தில் உக்ரைன் போர் தொடங்கிவிட்டது.

நம்ம பக்கத்துக் கதை கோதுமை. 2021 அக்டோபரில் இந்தியா, 50,000 டன் கோதுமை தருகிறோம், பாகிஸ்தான் வழியாக அனுப்ப அனுமதி கொடுங்கள் என்று கேட்டது. அப்போதெல்லாம் சாதாரணமாக ஆப்கன் லாரி வாகா வரை சரக்கு கொண்டு வரலாம், திரும்பும்போது இந்தியச் சரக்கு ஏற்றக்கூடாது. காலியாகத்தான் போகணும். நவம்பரில் பாகிஸ்தான் சரி என்றது. பிரச்சினை முடிந்ததா? அப்புறம்தான் கேள்வி, யாருடைய லாரி? பாகிஸ்தான் லாரியா, இந்திய லாரியா, எந்தக் கொடி? நீங்க சிரிக்கலாம். குளிர்காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசியில் ஆப்கன் லாரிகள், ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் வாங்கிப் பங்கிடும் என்று முடிவானது. 2022 பிப்ரவரி 22 அன்று அட்டாரியிலிருந்து முதல் தவணை கிளம்பியது. 50 லாரி, 2,500 டன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன், பழக்கதோஷம். மொத்தம் 50,000 டன்னையும் பசியில் இருந்த 2 கோடியே 28 லட்சம் பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ரெண்டு கிலோ சொச்சம். அதற்கு நாலு மாசம் லாரிப் பஞ்சாயத்து.

ஆனா நான் இதைக் கேலி செய்யச் சொல்லவில்லை. 2019 ஆகஸ்டிலிருந்து வியாபாரமே நிறுத்திவிட்ட ரெண்டு நாடுகள் அந்த லாரிகளைப் போகவிட்டன. பானில் இருந்த அதே அமைப்பு இங்கேயும் இருக்கிறது. ஐ.நா. போர்வை, மூணாவது ஆளின் லாரி, ஒரே ஒரு சரக்கு. அந்தப் பாதையும் நிலைக்கவில்லை. 2023இல் அடுத்த 20,000 டன்னை அறிவித்தபோது இந்தியா ஈரானின் சாபஹார் துறைமுகத்தைத் தேர்ந்தெடுத்தது. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு அட்டாரியே மூடப்பட்டது. மறுபடி, ஆப்கானிஸ்தானில் நடந்த எதனாலும் அல்ல.

பொது பயம் எப்போதும் ஆப்கன் மக்களுக்குச் சாதகமாக வேலை செய்யும் என்றும் நினைக்க வேண்டாம். 2023 நவம்பரிலிருந்து பாகிஸ்தானும், 2025இல் ஈரானும் லட்சக்கணக்கான ஆப்கானியர்களைத் திருப்பி அனுப்பின. ஈரானிலிருந்து மட்டும் அந்த ஒரு வருஷத்தில் பத்து லட்சத்துக்கு மேல். எந்த நாட்டிலும் ஆள் சேர்ந்துவிடக் கூடாது என்ற பயத்தில் ரெண்டு பேரும் ஒத்துப்போனதும் ஒரு ஒத்துழைப்புதான், பேசிவைத்துக்கொள்ளாத ஒத்துழைப்பு.

இப்போ அந்தப் பெயருக்கு வருவோம். காசிம் சுலைமானி. 2001இல் வரைபடம் கொடுத்த ஆளுக்கு மேலே இருந்தவர். 2020 ஜனவரி 3 அன்று பாக்தாத் விமான நிலையத்துக்கு வெளியே அமெரிக்க ட்ரோன் அவரைக் கொன்றது. சரியாக நாலு வருஷம் கழித்து, 2024 ஜனவரி 3, அவருடைய சொந்த ஊரான கெர்மானில் நினைவு தினத்துக்கு ஆயிரக்கணக்கானவர்கள் கல்லறையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். ரெண்டு குண்டுகள். 90க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பொறுப்பேற்றது ஐ.எஸ். அமைப்பு. ஆப்கானிஸ்தானில் வேர் கொண்ட அதன் கொராசான் கிளையின் வேலை இது என்று அமெரிக்க உளவுத்துறை சொன்னது.

இப்படி ஒன்று நடக்கப்போகிறது என்று அமெரிக்கா ஈரானுக்கு முன்கூட்டியே ரகசியமாகத் தகவல் சொல்லியிருந்ததாக அமெரிக்க அதிகாரிகள் பிறகு தெரிவித்தார்கள். அப்பாவிகள் சாகப்போகிறார்கள் என்று தெரிந்தால் எதிரி நாடாக இருந்தாலும் எச்சரிக்க வேண்டும் என்பது அவர்கள் உளவுத்துறையில் ஒரு விதி. நீங்களே கொன்ற ஒருவரின் நினைவு நாளில் குண்டு வெடிக்கும் என்று நீங்களே வந்து சொல்கிறீர்கள். கேட்கிறவன் இடத்திலிருந்து பாருங்க. நம்புவானா?

ரெண்டு மாதம் கழித்து மறுபடி. மார்ச் 7 அன்று மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதரகம், இசை நிகழ்ச்சிகள் உட்படக் கூட்டம் கூடும் இடங்களில் தாக்குதல் நடக்கலாம் என்று வெளிப்படையாகவே எச்சரித்தது. மார்ச் 19 அன்று புடின் இந்த மாதிரி எச்சரிக்கைகளை மிரட்டல் என்றார். 22ஆம் தேதி குரோக்கஸ் சிட்டி ஹாலில் ஒரு ராக் கச்சேரிக்கு வந்தவர்களில் 140க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே கொராசான் கிளை என்றுதான் அமெரிக்கா சொன்னது.

2001ஐவிட 2024இல் பயம் இன்னும் துல்லியமாக ஒன்றாக இருந்தது. ஒரே அமைப்பு. அமெரிக்காவும் அதைக் கண்டு பயந்தது, ஈரானும் ரஷ்யாவும் பயந்தன, தாலிபான்கூட அதோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. தகவலும் நேரத்துக்கு வந்தது. ஆனால் 2001இல் இருந்த மேஜை இல்லை. டாபின்ஸும் ஸரீஃபும் தினமும் ஒரே ஹோட்டலில் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இந்த ஆள் என் எதிரி, ஆனா இந்த விஷயத்தில் பொய் சொல்லமாட்டான் என்று அந்தச் சில நாட்களில் தெரிந்துகொண்டார்கள். அந்த அறிவு ஒரு எச்சரிக்கைச் செய்தியில் வராது. எங்க வேலையில் ஒரு சிஸ்டத்திலிருந்து வரும் அலர்ட்டை நாங்கள் நம்பணும்னா, அது சும்மா இருக்கும் நாட்களிலும் அதைக் கவனித்திருக்கணும். விழுந்த அன்றைக்கு முதல் முறையாகப் பார்த்தால் அலர்ட்டா, இரைச்சலா என்றே தெரியாது.

மெயில் எழுதிய நண்பருக்கு என் பதில் இதுதான். எதிரிக்கு எதிரி நண்பன் என்று நினைத்தால், நட்பு இல்லை என்று தெரிந்த அன்றே எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடுவோம். புஷ் உரைக்குப் பிறகு நடந்தது கிட்டத்தட்ட அதுதான். எலி அப்படி நினைக்கவில்லை. பூனை பூனைதான் என்று அதற்கு முதல் நிமிஷத்திலிருந்தே தெரியும். தெரிந்தேதான் மடியில் போய் உட்கார்ந்தது.

அடுத்த எபிசோடில் ஹெல்மண்ட் நதி. 1973இல் போட்ட ஒரு தண்ணீர் ஒப்பந்தத்தை வைத்து ஈரானும் தாலிபானும் 2023இல் எல்லையில் சுட்டுக்கொண்ட கதை. கேள்விகளை வழக்கம்போல் மெயிலில் அனுப்புங்க, ஒரு வரியாக இருந்தாலும் பரவாயில்லை.